சக்கர நாற்காலி வீட்டுக்கு வருவதற்கு முன்: வேலூரில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

"அடுத்த வாரம் வீட்டுக்குக் கூட்டிப் போகலாம்" என்று ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகுதான் பல குடும்பங்களுக்கு வீட்டு வாசலில் மூன்று படி இருப்பது நினைவுக்கு வரும். எங்களுக்கும் அப்படித்தான் ஆனது. என் தம்பி பெயிண்டர். சாரத்திலிருந்து விழுந்ததில் முதுகுத்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே அசைவும் உணர்வும் போய்விட்டது. அவன் சத்துவாச்சாரி வீட்டுக்குத் திரும்பி ஒன்பது வருடம் ஆகிறது. இதற்குள் கழிவறையை இரண்டு முறையும் சாய்தளத்தை ஒரு முறையும் இடித்துக் கட்டிவிட்டோம். அந்த வீண்செலவு உங்களுக்கு வேண்டாம்.

இந்த விஷயத்தில் வேலூருக்கு ஒரு வரலாறு உண்டு. 1954-இல் ஒரு கார் விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். 1966-இல் சி.எம்.சி. எனப்படும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு மையம் அவர் முயற்சியில்தான் உருவானது. அது பாகாயத்தில் இருக்கிறது. இன்றைக்கும் வெளிமாநிலங்களிலிருந்து கூட ஆட்கள் வந்து, நாற்காலியில் இருந்து கட்டிலுக்கு மாறுவது, கையால் சக்கரத்தைத் தள்ளுவது எல்லாம் கற்றுக்கொண்டு போகிறார்கள். ஆனால் அங்கே கற்றதை வீட்டில் செய்ய வீடு இடம் கொடுக்க வேண்டுமே.

எதற்கு முதலில் செலவு செய்வது என்று குழப்பம் வந்தால் இரண்டே கேள்விகள் கேளுங்கள். அவரால் யாரையும் கூப்பிடாமல் கழிவறைக்குப் போய்வர முடியுமா? யாரையும் கூப்பிடாமல் தெருவுக்கு வர முடியுமா? மற்ற எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

முதலில் நாற்காலியை அளங்கள்

கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு இஞ்ச் டேப் வாங்குங்கள். வீட்டை அளப்பதற்கு முன்னால் நாற்காலியை, ஆள் உட்கார்ந்திருக்கும் நிலையிலேயே அளக்க வேண்டும். சக்கரத்தைக் கையால் தள்ளப் பிடிக்கும் வளையத்தின் ஒரு பக்க வெளி விளிம்பிலிருந்து மறுபக்க விளிம்பு வரை அகலம். பின்சக்கரத்திலிருந்து கால் பெருவிரல் நுனி வரை நீளம். மெத்தை அமுங்கிய பிறகு உட்காரும் உயரம். முட்டி உயரம். கையை நீட்டினால் மேலே எதுவரை எட்டுகிறது, கீழே எதுவரை எட்டுகிறது. இந்த ஆறு அளவையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். மேஸ்திரி, ஆசாரி, பிளம்பர், வெல்டர் யார் வந்தாலும் அந்தத் தாளைத்தான் காட்ட வேண்டும். எங்கள் முதல் கழிவறை வீணானதற்குக் காரணம், நாங்கள் நாற்காலியின் நீளத்தை ஆள் இல்லாமல் அளந்ததுதான். மிதிகட்டைக்கு வெளியே தம்பியின் பாதம் நான்கு இஞ்ச் நீட்டிக்கொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் கால் கதவில் இடித்தது.

கழிவறை

வாசலை விட இது முக்கியம். வாசலில் ஒரு நாளைக்கு இரண்டு முறை தூக்கி இறக்க ஆள் பிடிக்கலாம், கழிவறைக்கு அப்படி முடியாது. தூக்க ஆள் இல்லையே என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு அதனால் சிறுநீரகக் கோளாறு வந்து சேரும்.

நாற்காலி ஒரு முழுச்சுற்று திரும்ப 5 அடி விட்டம் வேண்டும். நம் ஊரில் பழைய வீடுகளின் கழிவறை நாலுக்கு ஆறு அடிதான் இருக்கும், அதில் நாற்காலி திரும்பாது. பக்கத்துக் குளியலறைச் சுவரை எடுத்து இரண்டையும் ஒன்றாக்க முடிந்தால் அதுதான் நல்ல வழி. முடியாவிட்டால் கமோடு வீல்சேர் வாங்குங்கள். நடுவில் துளை உள்ள அந்த நாற்காலியில் கட்டில் பக்கத்திலேயே ஏறிக்கொண்டு, பின்பக்கமாகத் தள்ளி வெஸ்டர்ன் பீங்கானின் மேலேயே நிறுத்திக்கொள்ளலாம். சின்ன கழிவறைக்கு இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரியாது. வாங்கும்போது பீங்கானின் உயரத்தையும் நாற்காலியின் அடி உயரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள்.

கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். உள்ளே விழுந்துவிட்டால் ஆளே கதவை அடைத்துக்கொள்வார், வெளியிலிருந்து தள்ளவும் முடியாது. தாழ்ப்பாள் கை எட்டும் உயரத்தில், அவசரத்துக்கு வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி இருக்கட்டும். கழிவறைக் கதவை இரண்டரை அடி என்பார்கள். சட்டமும் கதவின் கனமும் போக நடுவில் 26 இஞ்ச்தான் கிடைக்கும். பெரும்பாலான நாற்காலிகளின் அகலமே அவ்வளவு இருக்கும், விரல் மூட்டு உரசித் தோல் போய்விடும். பொதுக் கட்டடங்களுக்கான விதிமுறை கேட்கும் தடையில்லாத இடைவெளி 900 மில்லிமீட்டர், அதாவது 3 அடி. பழைய வீட்டில் 32 இஞ்ச் கிடைத்தால் கூடச் சமாளிக்கலாம். அதுவும் இல்லையென்றால் கதவைக் கழற்றிவிட்டுக் கனமான திரை போடுங்கள்.

குளியலறைத் தரை மற்ற தரையை விட ஒன்றிரண்டு இஞ்ச் பள்ளமாக இருக்கும். அந்தச் சின்னப் பள்ளத்தில்தான் முன்சக்கரம் மாட்டி ஆள் முன்னால் விழுவார். தரையை உயர்த்தி, தண்ணீர் நானி ட்ராப் (தரையில் இருக்கும் வடிகால் துளை) பக்கம் வடிகிற அளவுக்கு மட்டும் சாய்வு கொடுக்கச் சொல்லுங்கள். வழுக்காத டைல்ஸ் என்று கடையில் கேட்டால் மட்டும் போதாது, மாதிரி டைல் ஒன்றை நனைத்து, சோப்பு தேய்த்து, ஈரக்காலால் மிதித்துப் பாருங்கள்.

கைப்பிடிக் கம்பி பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். துண்டு போடும் கம்பியை மாட்டிவிட்டு இதுதான் கைப்பிடி என்று விட்டுவிடுகிறார்கள். அறுபது எழுபது கிலோ எடை ஒரே இழுப்பில் அதன் மேல் வரும். நம் வீடுகளில் கழிவறைச் சுவர் பெரும்பாலும் நாலரை இஞ்ச் செங்கல் சுவர். அதில் துளைபோட்டு பிளாஸ்டிக் பிளக் வைத்து ஸ்க்ரூ முடுக்கினால் ஆறு மாதத்தில் பூச்சோடு பெயர்ந்து வரும். எங்கள் வீட்டில் வந்தது. தம்பி கம்பியைக் கையில் பிடித்தபடியே கீழே கிடந்தான். இரண்டாம் முறை வெல்டர் சுவரை முழுக்கத் துளைத்து, மறுபக்கம் இரும்புத் தகடு வைத்து, போல்ட் போட்டு நட்டால் இறுக்கினார். மறுபக்கம் தகடு தெரிவது அழகாக இல்லைதான், ஆனால் இன்றுவரை ஒரு நூல் கூட அசையவில்லை. கம்பி ஒன்றரை இஞ்ச் கனத்தில், சுவரிலிருந்து இரண்டு இஞ்ச் தள்ளி, பீங்கானின் உட்காரும் உயரத்திலிருந்து 8 இஞ்ச் மேலே இருக்கட்டும். பீங்கான் உயரம் 18 முதல் 19 இஞ்ச். நாற்காலி மெத்தையின் உயரமும் அதுவும் ஒன்றாக இருந்தால் பக்கவாட்டில் நகர்ந்து மாறுவது எளிது.

வேலூர் வெயில்

இதைச் சொல்லாமல் விட முடியாது. மே மாதம் இங்கே 40 டிகிரியைத் தாண்டும். வெளிச்சாய்தளத்தில் எஸ்.எஸ். பைப்பில் கைப்பிடி போட்டால் மதியம் அதைத் தொட முடியாது. உங்களுக்குச் சுட்டால் கையை எடுத்துவிடுவீர்கள். கால் உணர்வில்லாதவருக்குச் சூடான கம்பியில் முழங்கால் ஒட்டியிருப்பதே தெரியாது. மாலையில் கொப்புளம் பார்த்துத்தான் தெரியும், அந்தப் புண் ஆற மாதக்கணக்கில் ஆகும். தொழுநோயால் கை மரத்துப்போனவர்களுக்கும் இதே ஆபத்து. அவர்களின் கை கால் புண்ணுக்குப் பெரும்பாலும் வலி தெரியாததே காரணம் என்று கண்டறிந்து உலகத்துக்குச் சொன்ன டாக்டர் பால் பிராண்ட் இந்த வேலூரில் வேலை செய்தவர். பக்கத்தில் கரிகிரியில் தொழுநோய்க்கென்றே ஆஸ்பத்திரியும் இருக்கிறது. அதனால் வெளிக்கம்பிக்குக் கயிறோ ரப்பர் உறையோ சுற்றுங்கள், முடிந்தால் மேலே ஒரு ஷீட் போடுங்கள். குளியலறையில் வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகுதான் வெந்நீர். உணர்வுள்ள கையால் தொட்டுப் பார்க்காமல் காலில் ஊற்றக் கூடாது. திருகும் குழாய்க்குப் பதில் நெம்புகோல் மாதிரியான பிடி போட்டால் விரல் மடங்காதவர்களும் திறக்கலாம்.

வாசலும் சாய்தளமும்

கணக்கு ரொம்ப எளிது: ஒரு இஞ்ச் உயரத்துக்கு ஒரு அடி நீளம். 1:12 என்று பொறியாளர்கள் சொல்வது இதைத்தான். ஏழு இஞ்ச் படி மூன்று இருந்தால் 21 இஞ்ச், ஆக 21 அடி நீளம் வேண்டும். இதைக் கேட்டவுடன் மேஸ்திரி சிரிப்பார். அவருக்குச் சாய்தளம் என்றால் பைக் ஏற்றுவதற்கு மூன்று நான்கு அடியில் வரிவரியாகப் போடுவதுதான் பழக்கம். எங்கள் மேஸ்திரியும் "ஆறு அடி போதும் தம்பி, நான் எத்தனை வீட்டுக்குப் போட்டிருக்கேன்" என்றார். நம்பினோம். இரண்டாம் நாள் தம்பி ஏறும்போது முன்சக்கரம் தூக்கிக்கொண்டு நாற்காலி பின்னால் சாய்ந்தது. அம்மா பின்னால் நின்றிருந்ததால் தலை தப்பியது.

வாசல் பக்கம் அவ்வளவு நீளம் இல்லையென்றால் வீட்டைச் சுற்றியுள்ள சந்துகளைப் பாருங்கள். பின்வாசலுக்கு உயரம் குறைவாக இருக்கலாம். மடித்தும் போடலாம்: பத்தடி போய், 5 அடிக்கு 5 அடி சமதளம், திரும்பிப் பதினோரு அடி. மேலே கதவுக்கு முன்னாலும் 5 அடி சமதளம் கண்டிப்பாக வேண்டும். சரிவில் நின்றுகொண்டு யாராலும் கதவைத் திறக்க முடியாது. அகலம் 4 அடி. இரண்டு ஓரத்திலும் மூன்று நான்கு இஞ்ச் உயரக் கட்டை கட்டினால் சக்கரம் வெளியே போகாது. கைப்பிடி இரண்டு பக்கமும், பெரியவர்களுக்கு மூன்றடி உயரத்திலும் அதற்குக் கீழே இன்னொன்றும். பக்கவாதம் வந்தவர்களுக்கு ஒரு கைதான் வேலை செய்யும். ஏறும்போது வலப்பக்கம் இருக்கும் கம்பி இறங்கும்போது இடப்பக்கம் ஆகிவிடுமே, அதனால்தான் இரண்டு பக்கம்.

சாய்தளத்தின் மேல்பூச்சை வழவழப்பாக இழுக்க விடாதீர்கள். சிமெண்ட் ஈரமாக இருக்கும்போதே தென்னந்துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுத்தால் மழையிலும் சக்கரம் வழுக்காது. இதைச் சொல்லிக்கொடுத்தது தம்பிதான். இரண்டாம் முறை போட்டபோது நாற்காலியிலேயே உட்கார்ந்து நான்கு மணி நேரம் மேற்பார்வை பார்த்தான். விழுந்த பிறகு அவன் தொழில்காரனாகப் பேசிய முதல் நாள் அது.

நிலைப்படி விஷயத்தில் பல வீடுகளில் பெரியவர்கள் வருத்தப்படுவார்கள். மஞ்சள் குங்குமம் வைக்கும் கட்டையை அறுக்கச் சொன்னால் யாருக்கும் மனம் வராது. அறுக்கவே வேண்டாம். உள்ளேயும் வெளியேயும் கட்டையின் உயரத்துக்கு மரத்தில் ஆப்பு மாதிரி இரண்டு சரிவுப் பலகை செய்து வைத்தால் போதும். வெள்ளிக்கிழமை எடுத்துவிட்டுக் கழுவிப் பொட்டு வைக்கலாம். புதிதாகக் கட்டுபவர்கள் நிலையை அரை இஞ்ச்க்கு மேல் உயர்த்தாமல் வைக்கலாம், ஆசாரியிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் செய்துகொடுப்பார்.

வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவில் கால்வாய் சிலாப் உடைந்திருந்தால் 21 அடி சாய்தளம் போட்டும் பயனில்லை. அதையும் சேர்த்துப் பாருங்கள். அரசு தரும் பக்கச்சக்கரம் வைத்த ஸ்கூட்டர் வரப்போகிறது என்றால், அது உள்ளே வர கேட் அகலம் எவ்வளவு வேண்டும் என்று இப்போதே கணக்குப் போடுங்கள். சாய்தளத்தின் அடியில் ஸ்கூட்டரும் நாற்காலியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கச் சமதளம் வேண்டும்.

பார்வை குறைந்தவர் வீட்டில் இருந்தால் ஒவ்வொரு படி விளிம்பிலும் இரண்டு இஞ்ச் அகலத்தில் பளிச்சென்ற மஞ்சள் பெயிண்ட் அடியுங்கள், நடைவழியில் தலை உயரத்தில் எதையும் தொங்கவிடாதீர்கள். காது கேளாதவருக்கு அழைப்புமணியோடு சேர்ந்து எரியும் விளக்கு.

வாடகை வீடு தேடுபவர்களுக்கு

சிகிச்சைக்காகச் சில மாதம் தங்க வருபவர்கள் முதலில் ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள லாட்ஜ்களைத்தான் பார்ப்பார்கள். போனில் "லிப்ட் இருக்கா" என்று மட்டும் கேட்காதீர்கள். "ரோட்டிலிருந்து லிப்ட் வரை எத்தனை படி, லிப்ட் கதவு எத்தனை இஞ்ச், பாத்ரூம் கதவு எத்தனை இஞ்ச்" என்று கேளுங்கள். டேப் வைத்து அளந்து வாட்ஸ்அப்பில் படம் அனுப்பச் சொல்லுங்கள். அட்வான்ஸ் அதற்குப் பிறகு.

அபார்ட்மென்ட்டில் கார் நிறுத்துமிடத்துக்கும் லிப்டுக்கும் நடுவே மூன்று நான்கு படி வைத்துக் கட்டியிருப்பார்கள், அல்லது லிப்ட் பாதி மாடியில் நிற்கும். இரண்டையும் நேரில் போய்ப் பாருங்கள். கரண்ட் போனால் லிப்டுக்கு ஜெனரேட்டர் உண்டா என்றும் கேளுங்கள்.

வீட்டு உரிமையாளரிடம் பேசும்போது, கம்பி மாட்டவும் கழற்றக்கூடிய சாய்தளம் வைக்கவும் அனுமதி என்றும், காலி செய்யும்போது பழையபடி சரிசெய்து தருவோம் என்றும் ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல் பிறகு உதவாது.

சட்டம் என்ன சொல்கிறது

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இல் வந்தது, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. உங்கள் சொந்த வீட்டுக்குள் எப்படிக் கட்ட வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் பொதுமக்கள் வந்துபோகும் கட்டடம் எதுவானாலும், அரசுடையதோ தனியாருடையதோ, அது சட்டத்துக்குள் வரும். கடை, வங்கி, பள்ளி, கிளினிக், கோயில், நீதிமன்றம், பேருந்து நிலையம் எல்லாமே. "இது பிரைவேட் பில்டிங்" என்று யாராவது சொன்னால் அது பதிலே இல்லை.

44-ஆம் பிரிவின்படி, அணுகல் விதிகளுக்கு (மாற்றுத்திறனாளிகள் தடையில்லாமல் வந்துபோவதற்கான விதிகள்) ஒத்துவராத வரைபடத்துக்குக் கட்டட அனுமதி தரக் கூடாது. கட்டி முடித்தாலும் விதியைப் பின்பற்றாவிட்டால் நிறைவுச் சான்று கிடையாது. 45-ஆம் பிரிவு, ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை விதிகள் வெளியானதிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் சரிசெய்யச் சொன்னது. விதிகள் 2017 ஜூனில் வெளியாயின, ஆக அந்தக் கெடு 2022-லேயே முடிந்துவிட்டது. சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த முறைகளுக்கு 50,000 முதல் 5 லட்சம் வரை அபராதம் என்று 89-ஆம் பிரிவு சொல்கிறது.

2024 நவம்பர் 8-இல் உச்ச நீதிமன்றம் ராஜீவ் ரதூரி வழக்கில் முக்கியமான தீர்ப்பு கொடுத்தது. அணுகல் தரங்களை வெறும் பரிந்துரை போல வைத்திருந்த விதி சட்டத்துக்கே முரணானது என்று சொல்லி, விட்டுக்கொடுக்க முடியாத கட்டாய விதிகளை மூன்று மாதத்துக்குள் வகுக்க மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. மனு எழுதும்போது இந்தத் தீர்ப்பைக் குறிப்பிடுங்கள்.

பொதுக் கட்டடத்தில் நீங்கள் பார்க்க வேண்டிய அளவுகள்: சாய்தளம் 1:12, கதவு 900 மில்லிமீட்டர், லிப்ட் உள்ளளவு 5 அடிக்கு 5 அடி, வாசலிலிருந்து 30 மீட்டருக்குள் 3.6 மீட்டர் அகல வண்டி நிறுத்துமிடம். அரசு வீட்டுத் திட்டங்களில் குறைந்தது 40 சதவீதக் குறைபாடு உள்ளவர்களுக்கு 5 சதவீத ஒதுக்கீடு 37-ஆம் பிரிவில் இருக்கிறது. விண்ணப்பிக்கும்போதே தரைத்தளம் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முதல் ஆவணம் யு.டி.ஐ.டி. எனப்படும் தனித்துவ அடையாள அட்டை. அது இல்லாமல் எந்த ஜன்னலிலும் பேச்சு நகராது. சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். நாற்காலி, ஸ்கூட்டர் போன்ற உதவிகளுக்கும் அங்கேதான் மனு.

மனு எழுதும் முறை

கோபமாக நான்கு பக்கம் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். ஒரு பக்கம் போதும். கட்டடம் எது, எந்தத் தேதி போனீர்கள், எந்த இடத்தில் தடை, அதன் அளவு என்ன, விதிப்படி எவ்வளவு இருக்க வேண்டும், என்ன செய்யச் சொல்கிறீர்கள். அதோடு இரண்டு படங்கள், டேப் விரித்து எண் தெரியும்படி. படம் மட்டும் இருந்தால் "சாய்தளம் இருக்கே" என்று பதில் வரும், எண் தெரிந்தால் அப்படிச் சொல்ல முடியாது.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் கொடுத்து, ரசீது எண் வாங்குங்கள். நேரில் போக முடியாவிட்டால் 1100 என்ற முதலமைச்சர் உதவி மைய எண்ணில் பதிவு செய்யலாம். அங்கே நகரவில்லை என்றால் சென்னையில் உள்ள மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு எழுதலாம், விசாரித்து, சரிசெய்யும்படி பரிந்துரைக்க அவருக்கு அதிகாரம் உண்டு.

தம்பிக்குக் கணக்கு இருக்கும் வங்கிக் கிளையில் சாய்தளம் இருந்தது. ஆனால் அதன் மேல் எப்போதும் நான்கு பைக் நிற்கும், மேலே போனால் கதவுக்கு முன் ஒரு படி. இரண்டு படம், ஒரு பக்க மனு, ரசீது எண். பதில் வராததால் அதே எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி எழுதினோம். மூன்றாம் மாதம் படியை உடைத்துச் சமமாக்கினார்கள், பைக் நிற்காமல் இருக்கக் கீழே இரண்டு கம்பி நட்டார்கள். நட்ட கம்பிகளுக்கு இடையே 30 இஞ்ச்தான் விட்டிருந்ததால் நாற்காலி போகக் கஷ்டமாக இருந்தது, திரும்பவும் எழுதி அதை 36 ஆக்கினோம். உங்கள் மனுவின் நகலையும் ரசீதையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். வேலை முடிந்தது என்று பதில் வந்த அன்றே டேப்பை எடுத்துக்கொண்டு நேரில் போய் ஒரு முறை அளந்து பாருங்கள்.